படகேறிய கதை நேரம்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர், ஊராட்சித் தலைவி ஓமனா அவர்களே! வரப்பையும் வாய்க்காலையும் கடந்து வந்து வரிசை நிறைத்திருக்கும் பெரியவர்களே! மடியில் ஒரு பிள்ளையும் மனத்தில் ஒரு பிள்ளையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மேடை நடுவே நாற்காலி போட்டும் ஓரத்துக்கே ஒதுங்கப் பார்க்கும் எங்கள் எழுத்தாளர் பத்மாக்ஷி அவர்களே! படகைத் துறையில் கட்டிவிட்டுக் காக்கிச் சீருடையோடு கடைசி வரிசையில் நிற்கும் படகோட்டி வர்க்கி சேட்டன் அவர்களே! இந்தத் தலைமையாசிரியை எப்போது முடிப்பாள் என்று இப்போதே கொட்டாவி விடும் என் செல்வங்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிற மண் நம்முடையது. வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவது நம் வயல். வெள்ளம் வடிந்தால் கடைசியில் காய்வது நம் வாசல். ஆனால் தாழ்ந்தது தரைதானே? இந்தக் குட்டநாட்டுத் தலை என்றைக்காவது தாழ்ந்தது உண்டா? இல்லை! தாழவில்லை என்பதற்கு இந்த ஆண்டு சாட்சி சொன்னவர்கள் யார் தெரியுமா? என் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்! அந்தப் பெருமையைப் பேசத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை. எழுத்தாளர் அம்மா முதன்முதலாக எங்கள் வகுப்புக்குள் வந்தார். குடையை மடக்குவதற்குள் அத்தனை பிள்ளைகளும் பேனாவைத் திறந்துவிட்டார்கள்.

"எதுக்குப் பேனா?" என்று கேட்டார்.

"உங்க பிறந்த வருஷம், வாங்கின பரிசு எல்லாம் எழுதிக்க. பரீட்சைக்கு வரும்ல?"

"நான் பரீட்சைக்கெல்லாம் வரமாட்டேன்டா. எனக்கே பரீட்சைன்னா வயித்தக் கலக்கும்!"

வகுப்பு சிரித்தது. சிரித்த வாய் மூடுமுன் கதையைத் தொடங்கினார். கள்ளுக்கடைக்குள் புகுந்து, கல்லாவைத் தொடாமல், கப்பக்கிழங்கையும் மீன் கறியையும் மட்டும் திருடித் தின்கிற ஒரு திருடனின் கதை. பாதியில் நிறுத்தினார். "மீதிய நீங்க எழுதுங்க. மார்க் கிடையாது. சிவப்பு மை கிடையாது. கடைசியில நீதி கிடையாது. காட்டணும்னு தோணினா காட்டுங்க, இல்லைன்னா மூடி வையுங்க. உங்க சந்தோஷத்துக்கு எழுதுறது அது" என்றார்.

"கெட்ட வார்த்தை வந்தா?" என்றான் ஒரு வாலுப் பயல்.

"தேவைப்பட்டா வரட்டும். தேவையில்லாம வந்தா அதுக்கே வெக்கமாப் போயிடும்."

அன்று பிறந்தது எங்கள் கதை நேரம். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. மாதம் ஒருமுறை அம்மா வருவார். மற்ற வாரங்களில் பிள்ளைகள் தாங்களே படித்தார்கள், தாங்களே எழுதினார்கள். மணி அடித்தும் எழுந்திருக்க மாட்டோம் என்று அடம்பிடிக்கும் வகுப்பை என் பணிக்காலத்தில் நான் கண்டதே இல்லை!

ஒருநாள் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். பெயர் வேண்டாம். கடமை தவறாதவர், அதுதான் அன்றைக்குச் சிக்கலாயிற்று. மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி தனக்குள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தாள். வாத்து மேய்க்கும் புஷ்கரனின் மகள் தீர்த்தா.

"என்ன எழுதுற? எழுந்து படி, கேக்கலாம்."

அவள் எழுந்தாள். "வேண்டாம் சார்."

"வேண்டாமா?"

"இது நான் சிரிக்கிறதுக்கு எழுதினது சார். மத்தவங்க சிரிக்கிற அளவுக்கு இன்னும் வரல."

"கொடு இப்படி" என்று அவர் கையை நீட்டினார். சிறுமி நோட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் கலங்கியது; கால் மட்டும் பின்வாங்கவில்லை! பக்கத்துப் பெண் தன் நோட்டை மூடினாள். அதற்கடுத்தவன் மூடினான். பெஞ்சு பெஞ்சாக, வரிசை வரிசையாக, வகுப்பு முழுவதும் மூடியது.

"டீச்சர், வாங்கிக் குடுங்க" என்று என் பக்கம் திரும்பினார். சொன்னேன்: "சார், பிள்ளை வேண்டாம்னு சொல்லிடுச்சு. இந்த வகுப்புல பேசி வெச்சது அப்படித்தான்."

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. கதை நேரம் ரத்து. அந்த நேரத்தில் உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி!

அங்கே யாரோ "அச்சச்சோ" என்கிறீர்கள். அன்றைக்குப் பெற்றோர் கூட்டத்தில் இந்த அச்சச்சோ எங்கே போயிருந்தது? "நல்லதாப் போச்சு டீச்சர், கதையா சோறு போடும்?" என்று கை தட்டியது யார்? பக்கத்தில் இருப்பவரைக் காட்டாதீர்கள்! எல்லாரும்தான் தட்டினீர்கள்!

எழுத்தாளர் அம்மா வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. "பிள்ளைங்க வீட்டுக்கு எதுல போறாங்க?" என்றார்.

"படகுலதான்."

"அங்க யாரு டைம்டேபிள் போடுறது?"

"வர்க்கி சேட்டன்."

"அவருக்குப் பரீட்சை கிடையாதே?" என்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறிவிட்டார்!

அன்று மாலை படகில் திருடன் கதை தொடர்ந்தது. பிள்ளைகளைச் சுற்றிக் கள்ளிறக்குபவர்கள், கதிரறுத்துத் திரும்பும் பெண்கள், லாட்டரிச் சீட்டு விற்பவர். காலிக் கூடைமேல் உட்கார்ந்திருந்த மீன்காரி மரியக்குட்டி சேச்சி, "அம்மா, கொஞ்சம் உரக்கப் படிங்க. எஞ்சின் சத்தத்துல திருடன் சொன்னதே காதுல விழல" என்றார்.

சேச்சியின் துறை வந்தது. வர்க்கி சேட்டன் மணியடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"மரியக்குட்டி, உன் வீடு வந்தாச்சு!"

"வீடு எங்க ஓடிப் போகுது? திருடன் மாட்டினானா இல்லையான்னு தெரியாம நான் எறங்க மாட்டேன். நீ படக விடு சேட்டா!"

மறுநாளிலிருந்து பிள்ளைகளே படித்தார்கள். ஒரு சாயங்காலம், யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல், தீர்த்தா தானாகவே எழுந்து நின்றாள். அவள் நெஞ்சோடு அணைத்தாளே, அந்த நோட்டில் அப்படி என்ன இருந்தது என்று எல்லாரும் என்னைக் கேட்கிறீர்கள். ரகசியம் ஒன்றுமில்லை ஐயா, ஒரு வாத்து இருந்தது! வரிசையில் நடக்க மாட்டேன் என்கிற வாத்து. அதைத் திருத்தப் போன வாத்துக்காரர் கடைசியில் அதன் பின்னாலேயே குனிந்து குனிந்து நடக்கிறார்.

படகில் புஷ்கரனும் இருந்தார். "என்னையாடி எழுதியிருக்க?" என்றார்.

"இல்ல அச்சா, அது வேற வாத்துக்காரர்."

"வேற ஆளுக்கு எதுக்குடி என் மீசை?"

படகே குலுங்கியது! சிரிப்பு அடங்கியதும் அந்த மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார்: "இன்னொரு தரம் படி மோளே. அந்த மீசை வர்ற எடத்துலேருந்து."

இதைவிடப் பெரிய விருது உண்டா? இதைவிட உயர்ந்த மதிப்பெண் உண்டா?

ஆனால் வர்க்கி சேட்டனுக்குத் தாங்கவில்லை. பயணிகள் இறங்க மறுக்கிறார்கள், படகு தினமும் தாமதம் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். அது கைமாறிக் கைமாறி நம் அதிகாரியின் மேசைக்கே போய்ச் சேர்ந்தது. வந்தது புது உத்தரவு: மாணவர்கள் கதை வாசிப்பைப் படகில் நடத்தக் கூடாது, பள்ளி வளாகத்துக்குள்ளேயே நடத்த வேண்டும்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! நேரத்தைப் பறித்த கையே நேரத்தைத் திருப்பித் தந்தது!

"சேட்டா, அது புகாரா, உதவியா?" என்று பிறகு கேட்டேன். "ரெண்டும்தான் டீச்சர். படகு லேட்டானதும் நெசம். திருடன் கதை வந்தப்போ நான் வேகத்தக் கொறைச்சதும் நெசம்" என்றார். அங்கே பாருங்கள், காக்கிக்குள் எப்படிச் சிரிக்கிறார்!

நண்பர்களே! மகிழ்ச்சிக்காகப் படித்தால் மதிப்பெண் மங்கிவிடுமா? சிரிப்பதற்காக எழுதினால் சிந்தனை சிறுத்துவிடுமா? "வேண்டாம் சார்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு வேண்டியதை வேண்டும் என்று கேட்கவும் தெரிந்த பிள்ளை! தன் எழுத்தைத் தானே காத்த பிள்ளை, தன் மண்ணையும் தானே காக்கும்! இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற ஊருக்கு நான் ஆசிரியை என்பதைவிட எனக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

அந்த அதிகாரி போன மாதம் மறுபடி வந்தார். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "புதுசா ஏதோ எழுதுறியாமே மோளே. படிக்கிறியா?" என்று கேட்டார். கையை நீட்டவில்லை. "இன்னும் முடிக்கல சார்" என்றாள் தீர்த்தா. "சரி, நான் காத்திருக்கேன்" என்றார்.

இன்று அவர் வந்திருக்கிறார். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்று காலை தீர்த்தா என் அறை வாசலில் வந்து நின்று சொன்னாள்: "டீச்சர், முடிச்சிட்டேன். சார் வந்தா என்னக் கூப்பிடுங்க."

எங்களைத் தேடிவந்த எழுத்துக்கும், எழுத்தைச் சுமந்த படகுக்கும், இவ்வளவு நேரம் பொறுமை காத்த உங்களுக்கும் என் நன்றி நிறைந்த வணக்கம்.

வா தீர்த்தா. மைக் உன் உயரத்துக்கு இறக்கியாச்சு.