நம்புற மாதிரி ஒரு படம்

ஹட்டனில் பஸ் புறப்படக் காத்திருந்தபோது, முன் சீட்டில் ஒரு பெண் தன் தாயிடம் சொன்னாள்: “அம்மா, ஒங்களப் பாத்தா கொழுந்து எடுக்கிறவங்க மாதிரியே இல்லையாம்.”

“யாரு சொன்னா?”

“டிசைன் கிளாஸ் சேர்தான். தேயிலைப் பெக்கட்டுக்கு ஒங்க போட்டோவ வச்சுத்தான் டிசைன் பண்ணுனேன். தலையில கம்பளித் தொப்பி, இடுப்புல நனையாம இருக்கக் கட்டுன படங்கு, முதுகுல உரப்பை. பாக்குறவங்க நம்ப மாட்டாங்களாம்.”

“அப்பறம்?”

“எங்க கிளாஸ்ல ஒரு கொழும்புப் புள்ள இருக்கா. தேயிலைப் பச்சைக்கு எடுப்பா அவளுக்குச் செவப்புச் சேல கட்டி, கூடைய மாட்டி எடுத்தோம். இப்பத்தான் உண்மையா இருக்குன்னு சேர் சொன்னாரு. எல்லாரையும் விட எனக்குத்தான் கூட மார்க்.”

தாய் கேட்டார்:

“கூடை ஏது?”

“ஹோட்டல்ல வாடகைக்கு எடுத்தோம்.”

“நல்லது. நாளைக்குக் காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு அந்தப் புள்ளையவே வேலைக்கு வரச் சொல்லு. தோட்டத்துத் தொரையும் நம்பிருவாரு. நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்.”