தெத்தியின் குடமும் எனக்குக் கிடைத்த கல்லறையும்

மன்னரின் கட்டுமானம் அனைத்துக்கும் கண்காணியாய் இம்மேடைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே! கல்லோடு கல்லாய் நரைத்துப்போன பெரியோர்களே! விடியுமுன் மாவரைத்து எங்களுக்கு ரொட்டி சுட்ட தாய்மார்களே! பீரும் வெங்காயமும் கையுமாய் வீற்றிருக்கும் வடம்பிடித்த தோழர்களே! பிரமிடின் உச்சிக்கல் ஏறிய இந்த நன்னாளில், சிவப்பு வடத்து அணியின் தலைவன் நெக்கு உங்களை வணங்குகிறேன்.

இருபது ஆண்டு இழுத்தோமே, எதற்கு? மன்னர் விண்மீன்களிடம் ஏறிப்போக ஒரு படிக்கட்டு வேண்டும் என்றார்கள். அவர் ஏறினால் நாடே ஏறும் என்றார்கள். நம்பினோம். இன்றும் நம்புகிறேன், அதனால்தான் நெஞ்சு கசக்கிறது.

ஐயா எனக்கொரு பரிசு தந்தார். பிரமிடின் நிழல் விழும் சரிவில் ஒரு கல்லறை! கடைசி வரிசைக் கல்லை எங்கள் போட்டியாளரான வடகாற்று அணிக்கு முந்தி ஏற்றியதற்காக! கைதட்டுகிறீர்களா? பொறுங்கள்.

எப்படி முந்தினோம்? சறுக்குவண்டிக்கு முன்னால் குடத்தோடு நடந்து மணலை நனைப்பானே, தெத்தி, அவன் அன்று என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்.

“அண்ணே, குடம் காலி. ஆத்துல மொண்டுட்டு ஓடியாந்துடறேன். காஞ்ச மணல்ல வண்டி நகராது.”

“நீ வர்றதுக்குள்ள வடகாத்துக்காரனுங்க மேல நின்னு இளிப்பானுங்கடா! குடத்தப் போட்டுட்டுப் பின்னாடி போயி நெம்பு!”

சொன்னது யார்? கண்காணியா? மன்னரா? நான்! இந்த வாய்!

பாதி ஏற்றத்தில் வண்டி புதைந்தது. வெறிகொண்டு இழுத்தோம். வடம் அறுந்தது. கல் பின்னால் சரிந்தது. பின்னால் தெத்தி நின்றான். வடகாற்று அணியினர் தங்கள் கல்லை அப்படியே விட்டுவிட்டு அவனைத் தூக்க ஓடிவந்தார்கள். நாங்கள் புது வடம் கட்டினோம். அப்படித்தான் ஐயா முந்தினோம்! ஏன், இப்போது கைதட்டக் காணோம்?

அவன் மனைவி இனெத் அவனைப் புதைக்க அதே சரிவில் ஒரு குழி கேட்டாள். அதிகாரி சொன்னார்: “வேலைய முடிச்சவனுக்குத்தான் அங்க எடம். பாதியில செத்தவனுக்கு ஏது?”

“பாதியிலயா? உங்க கல்லு அவன் மேலதானய்யா ஏறிப் போச்சு!” என்றாள்.

கல்லறை இல்லாதவனுக்கு மறுமையில் வீடு ஏது? ரொட்டி படைக்க வாசல் ஏது?

ஐயா முகம் சிவக்க வேண்டாம். பரிசை நான் மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். இன்று காலை தெத்தியை அதில் வைத்துவிட்டோம். குழி தோண்டியது வடகாற்று அணி. காவியால் அவன் பெயரை எழுதியது நான். பெயர் எழுதிய கல்லறையை இடிக்கத் துணிபவர் யாரேனும் இருந்தால் எழுந்து நில்லுங்கள்!

யாருமில்லையா? நல்லது. என் காலம் முடிந்தால் என்னை மணலில் போடுங்கள். காய்ந்த மணலில்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. வீட்டுக்குப் போகும் வழியில் தெத்தியின் கல்லறை வாசலில் ஆளுக்கொரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். அன்று நான் ஊற்றவிடவில்லை. வணக்கம்.