தீர்த்தம் குடித்த பேட்டரி

— கைய எடுங்க தலைவரே! இன்னொரு தடவ அந்த ஸ்டார்ட்டர அமுக்குனீங்க, ஸ்பானர இங்கயே போட்டுட்டு நான் சைக்கிள்ல ஏறிடுவேன்.

— அதாவது, என் வேன்ல என் கை படக்கூடாதுங்கறியா சுப்பையா? நீ ஒயர் வேலைக்கு வந்தவன். அத மட்டும் பாரு. பகல் பன்னெண்டு மணிக்குள்ள நான் கோலாலம்பூருக்குக் கெளம்பியாகணும். விடிஞ்சா நாடு சுதந்திர நாடு. மலாக்கா முத்தமிழ்ப் பேரவைத் தலைவர் கலியாணசுந்தரம் பாதி வழியில நின்னுட்டாருன்னு வரலாறு எழுதக்கூடாது.

— பாதி வழியா? வண்டி இன்னும் நம்ம வாசலயே தாண்டலியே.

— சிவகாமசுந்தரி! புருஷன் பேசறப்ப குறுக்க பேசாத.

— நீங்க எப்ப வாய மூடுனீங்க, நான் நேரம் பாத்துப் பேச? சுப்பையன் தம்பி, நீங்க காப்பியக் குடிங்க. ஆறிப் போவுது.

— இருக்கட்டும்க்கா. தலைவரே, கோவப்படாம சொல்லுங்க. நேத்து பொழுது சாஞ்சதுலருந்து இந்த வண்டியில என்னென்ன எரிஞ்சுச்சு?

— கேள்வியே தப்பு. எவன் கைவச்சான்னு கேளு. அதாவது, செயலாளர் சேதுராமனுக்கு இந்த வேன் மேல ஆரம்பத்துலருந்தே வயித்தெரிச்சல். பட்டாளத்து ஆம்புலன்ஸ ஏலத்துல எடுத்து, கட்டில் போட்டு, காத்தாடி மாட்டி, நடமாடும் இல்லமா நான் மாத்துனத அவனால சகிக்க முடியல. ஆள் வச்சு ஒயர வெட்டிட்டான்.

— ஒயரெல்லாம் முழுசா இருக்குலா. சேதுராமன் சார் மீன் மார்க்கெட்டுல நின்னு நண்டு பேரம் பேசிக்கிட்டிருக்காரு, வர்ற வழியில பாத்தேன். என்னென்ன எரிஞ்சுச்சு? அதச் சொல்லுங்க.

— தோரண லைட்டு ரெண்டு டஜன். காத்தாடி. கட்டில் லைட்டு. அப்புறம் ஒலிபெருக்கி.

— அதுல பேச்சு ஒத்திகை. “அடிமைச் சங்கிலி அறுந்தது”ன்னு பதினாலு தடவ. நான் எண்ணுனேன். பதினஞ்சாவது தடவ சங்கிலியும் அறுந்துச்சு, கரண்டும் அறுந்துச்சு. எதுத்த வீட்டு சீனத்தி நியோன்யா சன்னலத் தெறந்து சாமி கும்பிட்டா.

— அவளுக்கு மேடைப் பேச்சோட அருமை தெரியாது.

— எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சா தலைவரே?

— எஞ்சின் எதுக்குடா ஓடணும்? வண்டி நின்னுக்கிட்டுல்ல இருந்துச்சு?

— அலாமாக்! இப்ப கேளுங்க. பேட்டரிங்கறது ஒரு அண்டாத் தண்ணி. எஞ்சின் ஓடுனா டைனமோன்னு ஒருத்தன் ரொப்பிக்கிட்டே இருப்பான். எஞ்சின் நின்னா அவனும் படுத்துருவான். நீங்க பாட்டுக்கு மொண்டு மொண்டு ஊத்துனீங்க. காலையில ஸ்டார்ட்டர் வந்து கேக்குது. அதுக்கு ஒரே மடக்குல அர அண்டா வேணும். நீங்க அடித்தண்ணி கூட வைக்கல.

— ஏலத்துல வெள்ளக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? இந்த பேட்டரிய வச்சு ஆஸ்பத்திரியே நடத்தலாம்னான்!

— அவன் ரெண்டு பேட்டரி வச்சு நடத்தியிருப்பான். ஒண்ணு எஞ்சினுக்கு, ஒண்ணு உள்ள இருக்கற லைட்டுக்கு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு வண்டிய இழுத்துரும். அந்தா பாருங்க, சீட்டுக்கு அடியில காலியா ஒரு பெட்டி. ரெண்டாவது பேட்டரி எங்க?

— அந்த எடத்துலதான் பேரவைக் கொடியும் மாலையும் வச்சிருக்கேன்.

— நல்லா இருக்கு. கேளுங்க தம்பி, நல்லா கேளுங்க.

— சரி, இருக்கற ஒண்ணையாவது பாப்போம். மூடியத் தெறக்கறேன், சுருட்ட அந்தப் பக்கம் கொண்டு போங்க. என்னா வாடை இது? தலைவரே, பேட்டரிக்குள்ள புல்லு முளைச்சிருக்கு.

— அது முளைச்சதில்ல. அருகம்புல்.

— அருகம்புல்லு இங்க எப்படி வந்துச்சு?

— நீதானே போன வாரம் சொன்ன? தண்ணி கொறஞ்சிருக்கு, சுத்தமான தண்ணியா பாத்து ஊத்துங்கன்னு. கொழாத் தண்ணியில கிருமி இருக்கும். நேரா ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அபிஷேகத் தீர்த்தம். ஆறு ஓட்டைக்கும் சமமா, ஓரவஞ்சனை இல்லாம ஊத்துனேன். அதவிட சுத்தம் இந்த ஊருல எது?

— பாலாபிஷேகமா?

— பாலு, சந்தனம், பன்னீரு. குறை வைக்கல.

— உள்ள தயிரு கட்டிக்கெடக்கு! நான் சொன்னது மருந்துக்கடையில பாட்டில்ல விக்கிற காச்சி வடிச்ச தண்ணி. பதினெட்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், பேட்டரிக்கு அபிஷேகம் பண்ணி இப்பத்தான் பாக்கறேன். இது செத்துப் போச்சு. எடுத்துப் பொதைக்க வேண்டியதுதான்.

— நாவ அடக்கு! தெய்வ காரியத்தக் கேலி பண்ணாத. பஸ்ஸுல போங்கன்னு மட்டும் சொல்லிடாத. நான் வேன்லதான் போவேன்.

— ஏன், பஸ்ஸுல போனா கிரீடம் கழண்டு விழுந்துருமா? ஊரே பஸ்ஸுல போவுது. போங்க, போயி பாடாங்கு மைதானத்துல நின்னு கொடியப் பாருங்க. பெத்த மக மொகத்தப் பாக்க ரெண்டு வருசமா மனசு வரல. கொடியப் பாக்க மட்டும் துடிக்குது.

— ஜெயா பேச்ச எடுக்காத!

— எடுப்பேன். தம்பி, நீங்களே சொல்லுங்க. கம்போங் சிட்டிப் பையனக் கட்டிக்கிட்டா, தலமொறை தலமொறையா மலாய் பேசற பழைய தமிழ் வம்சம். தம்பிராஜா. அரசாங்க உத்தியோகம், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. தமிழ் தெரியாதாம். அதுக்காக இவரு பேரவை ஆண்டுக்கூட்டத்துல எந்திரிச்சு, எரநூறு பேரு முன்னால சூளுரைக்கிறாரு: “தமிழறியான் கூரையின் கீழ் என் தலை நுழையாது.” கை தட்டுனானுங்க பாருங்க, தட்டுன பயலுக ஒருத்தன் வீட்டுலயும் புள்ளைங்க தமிழ் படிக்கல.

— அது கொள்கை. பேரவைத் தலைவரோட மருமகன், மாமனார்கிட்ட மலாய்ல நலம் விசாரிச்சா என் மானம் என்னாவறது?

— தலைவரே, குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. நீங்க பேட்டரிக்குத் தீர்த்தம் வாங்குன கோயிலு அந்தச் சிட்டிங்களோட பாட்டனுங்க கட்டுனதுலா. நாம கப்பலேறி வர்றதுக்கு முந்தியே.

— ஒயர்க்காரனெல்லாம் எனக்கு வரலாறு சொல்ல வந்துட்டான்! வண்டி ஓடுமா ஓடாதா? அத மட்டும் சொல்லு.

— ஓட வைக்கறேன். பட்டறையில நிக்கிற என் லோரி பேட்டரியக் கழட்டியாந்து மாட்டறேன். ஆனா ஒரு கட்டுப்பாடு. ஒலிபெருக்கி, தோரணம், காத்தாடி, கட்டில் லைட்டு, எல்லா ஒயரையும் பிடுங்கிருவேன். எஞ்சினுக்கு மட்டும்தான் கரண்டு. பேச்சா பயணமா, ஒண்ண முடிவு பண்ணுங்க.

— ஒலிபெருக்கியப் பிடுங்கிக்க.

— என்னாது?

— பிடுங்கிக்கன்னேன். தோரணத்தையும் எடுத்துக்க. ஆனா கட்டில் லைட்டும் காத்தாடியும் இருக்கணும்.

— முடியாது தலைவரே. அது ரெண்டும் இருந்தா ராத்திரி நீங்க மறந்துருவீங்க, காலையில கோலாலம்பூர்லருந்து எனக்குத் தந்தி அடிப்பீங்க.

— கொடி பாக்கப் போற மனுஷனுக்குக் கட்டிலுக்கு மேல லைட்டு எதுக்குங்க? படுத்துக்கிட்டே கண்ணாடியில ஒங்க மொகத்தப் பாக்கவா?

— அதாவது... லைட்டு வேணும். விடு.

— எதுக்குன்னு கேக்கறேன்.

— குழந்தைக்குடி! போதுமா? பொறந்த குழந்தைய நான் இன்னும் பாக்கல. அவன் கூரைக்குக் கீழ தலை நுழையாதுன்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்ல மாத்த முடியாது. வேனுக்குன்னு தனிக் கூரை இருக்குல்ல? கோலாலம்பூர்ல அவன் வீட்டு வாசல்ல கொண்டு போயி நிறுத்துனா, ஜெயா குழந்தையத் தூக்கிக்கிட்டு ஏறி வருவா. இருட்டுக்குள்ள அது மொகம் எனக்கு எப்படித் தெரியும்? வேர்வையில அழாதா? அதுக்குத்தான் லைட்டு, அதுக்குத்தான் காத்தாடி. அதுக்குத்தான் இந்த எழவு வண்டியே. இன்னிக்குப் போனா கொடிக்குப் போனேன்னு சொல்லிக்கலாம். நாளானைக்குப் போனா மக கால்ல விழப் போனான்னு சேதுராமன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பான். புரிஞ்சுதா? ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க? சுப்பையா, போ, லோரி பேட்டரியக் கழட்டிட்டு வா.

— அக்கா, நான் கழட்டட்டா வேணாமா? நீங்களே சொல்லிருங்க. எனக்கு இதுக்கு மேல வாய மூடிக்கிட்டு இருக்க முடியாது.

— என்னத்த மூடற? என்னடி சொல்றான் இவன்?

— கத்தாதீங்க. ஒங்க கத்தலுக்குப் பயந்துதான் ஊரே ஒங்ககிட்ட சொல்லாம கெடக்கு. கோலாலம்பூர்ல யாருமில்ல. தம்பிராஜாவுக்கு மாத்தலாகி ஆறு மாசமாச்சு. இதே மலாக்காவுல, நம்ம காஜா பேராங்லயே, கம்போங் சிட்டியில அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க. ஒங்க பேத்தி மீனாச்சி நடக்கறா, ஓடறா. இங்கருந்து நடந்து போனா அஞ்சு நிமிசம். ராத்திரி ஒங்க ஒத்திகை பூராவும் அவ காதுல விழுந்திருக்கும்.