ஆடாத படம்

தேத்தண்ணீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, பொலிஸ் நிலையத்தில் தேத்தண்ணீர் தருவார்கள் என்றே நான் எதிர்பார்த்து வரவில்லை. தாளும் பேனையும் தந்ததற்கும் நன்றி, சேர். நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் சிங்களத்தில் எழுதி, பிறகு அதை எனக்கு விளங்கப்படுத்துவதிலும் பார்க்க, நானே தமிழில் எழுதித் தருவது எல்லோருக்கும் லேசு. வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிய கை. எழுத்து விளங்கும்.

என் பெயர் ஜஸ்ரின். கரவெட்டியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் ரியூசன் கொடுக்கிறேன். கலியாணம் செய்யவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபிறகு வீட்டில் நானும் தங்கை மிரியமும்தான். அவள் ஆஸ்பத்திரியில் தாதி. காலையில் நான் தேங்காய் திருவிக் கொடுப்பேன், அவள் புட்டு அவிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு ஒன்றாகப் போய் ஒன்றாக வருவோம். அந்த வீட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ட்ரோன் செய்கிற எண்ணம் அந்த நாட்களில்தான் வந்தது. கடையில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கியதை எவனும் பறக்கவிடுவான். நான்கு மோட்டர்களையும், மூளையாக வேலை செய்கிற சின்னப் பலகையையும் மட்டும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். கைகள் நான்கும் எங்கள் வீட்டுப் பழைய அன்ரெனாவின் அலுமினியக் குழாய். அனுமதி எடுக்காமல் பறக்கவிட்டது குற்றம் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பறப்பது பெரிய காரியமில்லை. படம் ஆடாமல் எடுப்பதுதான் காரியம். மோட்டர்களின் நடுக்கம் கமெராவுக்கு ஏறினால், கிணற்றுக்குள் கல் போட்ட மாதிரிப் படம் முழுக்க நெளியும். பஞ்சு வைத்தேன், சைக்கிள் ரியூப் வெட்டி வைத்தேன், சரிவரவில்லை. மிரியம்தான் ஆஸ்பத்திரியில் வெறுமையான ஊசிமருந்துப் போத்தல்களின் ரப்பர் மூடிகளைக் கொண்டுவந்தாள். சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, என் மேசையில் வரிசையாக வைத்தாள். “இதை வைச்சுப் பாருங்கோ அண்ணை, மெத்து மெத்தெண்டு இருக்குது,” என்றாள். கமெராவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அவற்றைப் பொருத்தினேன். நெளிவு போய்விட்டது. என் தங்கை கெட்டிக்காரி.

அதன்பிறகு மிஞ்சியது காற்று. அதற்குள் சிவதர்ஷன் வந்துவிட்டான்.

அவன் பருத்தித்துறைக் கரையில் கடல்தொழில் செய்கிறவன். காலில் திருக்கை மீன் குத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவனுக்கு மிரியம் மருந்து கட்டினாள். புண் ஆறியபிறகும் மருந்து கட்ட வந்துகொண்டிருந்தானாம். எங்கள் அப்பா மிசன் பாடசாலையில் அதிபராக இருந்தவர். எங்கள் வீட்டில் சாதி, சமயம் பார்த்துப் பழக்கமில்லை. ஆகவே நான் மறுக்கவில்லை. “யோசிச்சுச் செய்,” என்று மட்டும் சொன்னேன். அதைப் பல தடவை சொன்னேன். அவள் யோசித்துவிட்டு அவனையே செய்தாள்.

கலியாண விருந்து எங்கள் வீட்டு வளவில்தான் நடந்தது. கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற சொந்தக்காரர் எல்லோரும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பொம்பிளைக்கு மேலே என் ட்ரோன் ஏறியது. பனைகளுக்கு மேலே போனதும் சோளகக் காற்று பிடித்தது. இடமும் வலமும் ஆடி, மேலும் ஆடி, பந்தலுக்குப் பின்னால் வாழைகளுக்குள் போய் விழுந்தது. “காத்துக் கூடிப்போச்சு,” என்றேன். மாப்பிள்ளையே போய் அதை எடுத்துவந்தான். மற்றக் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். அண்ணையின்ரை தும்பி காத்துக்கு நிக்காது. பரவாயில்லை, என்ரை மனிசி நிப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். கனடாவிலும் சிரித்திருப்பார்கள். மிரியம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே காட்டவில்லை, நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் பின்வாங்கில் யாரோ மெதுவாகத் ‘தும்பி சேர்’ என்றார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. மிரியம் கரைக்குப் போய்விட்டாள். காலையில் பாண் வாங்கித் தின்றேன். சனிக்கிழமைகளில் சிவதர்ஷன் சைக்கிளில் மீனைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். விளை, பாரை, சிலவேளை நண்டு. எல்லாம் பிடித்தவுடன் கொண்டுவந்த நல்ல மீன். படலை வாசலில் நின்றே, “அண்ணை, தும்பி எப்பிடி, சுகமோ?” என்பான். கெட்ட மனம் இல்லாதவன். அதைச் சொல்லத்தான் வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் அவனைத் தாங்கிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ட்ரோன் ஏன் விழுந்தது என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். காற்று தள்ளியவுடன் அந்தப் பலகை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. பயந்து, தேவைக்கு மேலே தள்ளிவிடுகிறது. அந்தப் பிழையைத் திருத்த மறுபக்கம் தள்ளுகிறது. காற்று அதை விழுத்தவில்லை, அவசரம்தான் விழுத்தியது. காற்றுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். சாய்ந்து, பொறுத்து, எவ்வளவு பலம் என்று அறிந்து, பிறகு அவ்வளவை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைத் திருத்தித் திருத்தி அடுத்த சோளகம் வரைக்கும் வேலை செய்தேன். யாருக்கும் காட்டவில்லை. நூற்றுக்கு நூறு சரியான பிறகு, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம் என்றிருந்தேன்.

நடந்த அன்று காற்று பலம். கரையில் மீன்பிடிப் போட்டுகளை எல்லாம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். போட்ட வலை போய்விடுமென்று சிவதர்ஷன் மட்டும் தனியே போயிருக்கிறான். பிற்பகல் அவனுடைய போட் கவிழ்ந்து மிதப்பதைக் கரையில் நின்றவர்கள் கண்டார்கள். அவனைக் காணவில்லை. மிரியம் போன் எடுத்தாள்.

“அண்ணை, உங்கடை தும்பியைக் கொண்டு ஓடி வாங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

அவளும் தும்பி என்றுதான் சொன்னாள். நான் உடனே போனேன். வேண்டுமென்று சுணங்கவில்லை, அதைக் கவனியுங்கள்.

வெயிலில் திரை தெரியாது. அந்தக் காலத்துப் படப்பிடிப்புக்காரர் மாதிரி, தலையில் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டுதான் நான் பார்ப்பேன். ஆகையால் ட்ரோன் பார்த்ததை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கரை முழுக்கச் சனம். துணிக்கு வெளியே என் தோளைப் பிடித்துக்கொண்டு மிரியம் நின்றாள்.

கிழக்கே கொஞ்சத் தூரம் போனதும் நீலமாக ஒன்று தெரிந்தது. பெற்றோல் கான். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிவதர்ஷன் மிதந்தான். அவனுக்கு மேலே ட்ரோனை நிறுத்தினேன். சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தான். முதலில் நம்பவில்லைப் போலிருந்தது. பிறகு ஒரு கையை எடுத்து ஆட்டினான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

நான் பார்த்தது அவனை மட்டுமில்லை. கீழே அலை எழும்பி விழுகிறது, நுரை பறக்கிறது, என் தலைத்துணியைக் காற்று பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது, ஆனால் படம் அசையவில்லை. சுவரில் மாட்டிய படம் மாதிரி நின்றது. அவன் கையிலிருந்த மோதிரம் வரைக்கும் வடிவாகத் தெரிந்தது. நான் செய்த சாமான் அது.

ஆடியிருந்தால், நீலத்தைக் கண்ட கணமே நான் கத்தியிருப்பேன். அவசரத்தில் மனிதன் நல்லவனாக இருப்பது சுலபம், சேர். படம் நின்றபடியால் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. இவன் கரைக்கு வந்தால் இதையும் ஒரு பகிடியாக்கி ஊரெல்லாம் சொல்லித் திரிவான்; நான் தும்பி சேராகவே இருப்பேன்; மிரியம் கரையிலேயே இருப்பாள். வராவிட்டால் அவள் வீட்டுக்கு வருவாள். காலையில் புட்டு அவிப்பாள். கடல் அவனை ஏற்கெனவே எடுத்துவிட்டது, நான் அதில் தலையிடாமல் விடுகிறேன், அவ்வளவுதான் என்று தோன்றியது. அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது.

“தெரியுதோ அண்ணை?” என்றாள் மிரியம்.

“படம் ஆடுது பிள்ளை. காத்துக்கு நிக்குதில்லை. ஒண்டும் வடிவாத் தெரியேல்லை.”

அவள் உடனே நம்பினாள். எல்லோரும் அதைத்தானே எதிர்பார்த்தார்கள்.

சிவதர்ஷனின் தகப்பன் தியாகராசா துணிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். “தம்பி, உந்த அலைக்கு ஒரு போட்தான் இறக்கலாம். சோளகம் கிழக்கேதான் இழுத்திருக்கும். நான் கிழக்கே போறன்,” என்றார். அவருடைய கணக்குச் சரி. ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் மகனிடம் போய்ச் சேர்ந்திருப்பார்.

“மேற்கே நீலமா ஏதோ கிடந்த மாதிரி. நிச்சயமாச் சொல்லமாட்டன்,” என்றேன்.

“நீலமோ? அவன்ரை கான் நீலம்!” என்று கத்திக்கொண்டு ஓடினார். போட் மேற்கே போனது. பொய்க்குள் கொஞ்சம் உண்மையை வைத்தால்தான் பொய் நிற்கும். அதுவும் ட்ரோனைச் சமப்படுத்துகிற மாதிரி ஒருவகைப் பாரம் பார்க்கிற வேலைதான்.

பற்றரி இறங்க, ட்ரோனைத் திருப்பினேன். அப்போதும் அவன் கானோடுதான் இருந்தான், கையையும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தான். ஆட்களைக் கூட்டிவரத்தான் அது போகிறது என்று நினைத்திருப்பான். அவ்வளவு காற்றுக்கும் எதிராக வந்து என் காலடியில் பதமாக இறங்கியது. “இன்னொருக்கா விடுங்கோ அண்ணை,” என்று மிரியம் மணலில் முழங்காலில் இருந்து கேட்டாள். பற்றரி முடிஞ்சுது என்றேன். மற்றப் பற்றரி என் பைக்குள் இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கிழக்கே வலைகாரர்தான் உடலைக் கண்டெடுத்தார்கள். மிரியம் வீட்டுக்கு வந்தாள். புட்டு அவிப்பதில்லை, அறையை விட்டு வெளியே வருவதுமில்லை. தியாகராசா தொழிலை விட்டுவிட்டார். நான் கிழக்கேயெல்லோ போயிருக்கோணும், நான்தான் என்ரை பிள்ளையைச் சாகக் குடுத்தனான் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறார். அவரைத் தேற்ற எனக்கு வழி தெரியவில்லை.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி வீட்டில்தான் பொறுக்க முடியாமல் போனது. சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரேயிருந்த ஒருவர், “உந்தச் சாமான் ஒழுங்கா நிண்டிருந்தால் பொடியன் தப்பியிருப்பான்,” என்றார். எல்லோரும் என்னைப் பாராமல் இலையைப் பார்த்தார்கள். மிரியம் வந்து என் பக்கத்தில் இருந்து, அத்தனை நாளுக்குப் பிறகு முதன்முதலாக என் கையைப் பிடித்தாள். “நீங்கள் என்ன செய்யிறது அண்ணை. அது காத்துக்கு நிக்காதெண்டு எங்களுக்குத் தெரியுந்தானே,” என்றாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் முடிவெடுத்தேன். மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது, உண்மையை எத்தனை நாளைக்கு மூடி வைப்பது? அதனால்தான் நானாகவே வந்தேன்.

சிவதர்ஷனை நான் சாகவிட்டேன். அவனுடைய தகப்பனை வேண்டுமென்றே மறுபக்கம் அனுப்பினேன். இதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். காற்றுக்கு நிற்காத சாமான் செய்தவன் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். உங்கள் மேசையில் இருக்கிற மெமரி கார்ட்டில் எல்லாம் இருக்கிறது, ஒன்றையும் நான் அழிக்கவில்லை. போட்டுப் பாருங்கள். முடிந்தால் மிரியமையும் கூப்பிட்டு ஒருக்கால் காட்டுங்கள். அவள் கழுவித் தந்த ரப்பர் மூடிகள் எவ்வளவு நன்றாக வேலை செய்தன என்று அவள் இன்னும் பார்க்கவேயில்லை.