வெளியே விழுந்த கற்கள்

— அந்தக் காவல் கோபுரத்துச் சுவரப் பத்தி ஒன்கிட்ட மட்டுந்தான சொன்னேன் கோசலா? மொதலாளி, அந்த அர்பாப் காதுக்கு எப்படிப் போச்சு?

— வைரவண்ணை, முதல்ல இருங்கோ. என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ.

— காலையில சைட்டுக்குப் போனேன், உள்ள விடல. அர்பாப் என் விசாவ கேன்சல் பண்ணிட்டாரு. பதினோரு வருசம் அவருகிட்ட வேல பாத்தவன், மொகங்குடுத்துப் பேசல. ‘கலாஸ், யல்லா’, முடிஞ்சுது கெளம்புன்னு கையக் காட்டிட்டாரு. எந்தம்பி விஜயபாஸ்கருக்கு எடுத்த விசாவும் போச்சு. அவன் ஊர்ல வேலைய விட்டுட்டு நிக்கிறான்.

— ஐயோ! காரணம் ஒண்டும் சொல்லேல்லையோ?

— சொன்னாரே. ‘எங்க பாட்டனத் துரோகின்னியாமே’ன்னாரு.

— நீங்கள் அப்பிடி ஒரு சொல்லும் சொல்லேல்லையே அண்ணை.

— வேற என்ன சொன்னேன்? கோபுரத்து வாசல் போர்டுல இருக்குறத நீதான படிச்சுக் காட்டுன? ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடி எதிரி படகுல வந்து சுத்தி நின்னானாம். அர்பாப் வம்சத்து ஆளு ஒத்தையா உள்ள இருந்து ஏழு நாள் காத்தாராம். எட்டாம் நாள் எதிரி சுவர ஒடச்சானாம். நான் கொத்தன். வெளியிலருந்து ஒடச்சா கல்லு உள்ளதான விழுகும்? தோண்டுனா அம்புட்டுக் கல்லும் வெளியில கெடக்கு! உள்ள இருந்தவனே ஒடச்சு வழி விட்டிருக்கான்.

— அதுதானே உண்மை. அதை மறைக்கலாமோ? அகழாய்வு ரிப்போட்டில எழுதினன்.

— என் பேரோடயா?

— ஓம்.

— அடிப்பாவி! ‘எழுதுறது ஒன் வேல, எழுதிக்க, எம்பேரு மட்டும் வேணாம் தங்கச்சி’ன்னு எத்தன வாட்டி சொன்னேன்? நல்லூர்க் கந்தன் மேல சத்தியம் பண்ணுனியே.

— உங்கட நன்மைக்குத்தான் அண்ணை. எந்த ரிப்போட்டில ஒரு மேசன்ர பேர் வந்திருக்கு? எல்லாம் எஞ்சினியர்மார்தான். கண்டுபிடிச்சது நீங்கள். உங்கட பேர் நிலைக்கட்டும் எண்டு நினைச்சன்.

— அந்தப் பேர வச்சு நாக்கு வழிக்கவா? ஒரே டப்பாவுல சோறு தின்னோம் தாயி. ஒன்னய நம்புனேன்.

— நான் வேணுமெண்டு செய்யேல்லை. என்னை நம்புங்கோ.

— சரி, அழுவாத. வா, இப்பவே அர்பாப்கிட்டப் போவம். போட்டோ நீ எடுத்த, அளவெல்லாம் நீ எடுத்த. ரெண்டு பேரும் சேந்துதான் பாத்தோம்னு சொல்லு. ஒன் பேரும் அதுல இருக்குல்ல, ரெண்டு பேரையும் ஒண்ணாத் தள்ளிவிட மாட்டாரு.

— அண்ணை…

— என்ன நிக்கிற? வா.

— முதல்ல ரெண்டு பேரின்ர பேரும்தான் இருந்தது. அனுப்ப முதல் என்ரயை மட்டும் அழிச்சிட்டன்.