உறையில இருந்த பெல்ட்

இல்லம்மா, கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லியே. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் போடறேன்னுதான் சொன்னேன். மொதல்ல உக்காருங்க. காபி ஊத்தியாச்சு. கப்ப அந்த அட்டை மேல வைங்க, ஆங், அதுமேலதான். மொதலாளி புதுசா மேஜை வாங்கிப் போட்டிருக்கார், ஒரு வட்டம் விழுந்தாலும் என் உசுர எடுத்துருவார்.

பாருங்க ரைலி, கம்பெனி லெட்டர்ல என்ன போட்டிருக்கான்? ஒரே பயணத்துல, பனிவண்டிய ஓட வைக்கிற பெல்ட் ரெண்டு அந்துபோயிருக்கு, அதனால வண்டி மேல தப்பில்ல, ஓட்டுனவர் தாறுமாறா ஓட்டியிருக்கார். அம்புட்டுதானே? நீங்க என்ன எழுதிக் கொண்டாந்திருக்கீங்க? என் வீட்டுக்காரர் நிதானமா ஓட்டுறவர், பெல்ட்டுதான் சரியில்லன்னு. இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போட? அவர் பின்னாடி நானா உக்காந்து போனேன்?

கோவப்படாதீங்க. எனக்கும் தெரியும். கோயில்ல பேசிக்கிறாங்க, ஆர்மாஸ் குடிச்சுட்டு ஏரி மேல பறந்தான், பனிவண்டிய உடைச்சுக்கிட்டான், உறைஞ்சு செத்தான்னு. என் காதுலயும் விழுந்துச்சு. இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. யாரும் என்னைக் கேக்கலியே. பதினாறு வருஷமா இந்தக் கடைக் கவுண்டர்ல நிக்கிறேன், ஒருத்தர்கிட்டயும் ஒரு பொய் சொன்னதில்ல. கேட்டதுக்குப் பதில் சொல்வேன். கேக்காதத எடுத்துக் கொட்டுற பழக்கம் கெடையாது.

நவம்பர்ல என்ன நடந்துச்சுன்னா? சொல்றேன். உங்க வீட்டுக்காரர் வண்டி வாங்கி மூணு வாரம், எழுபது கிலோமீட்டர்தான் ஓடியிருந்துச்சு. மொத பெல்ட் பல்லு நாலு தெறிச்சு, பாதி அகலத்துக்குக் கிழிஞ்சு போச்சு. கையில வெச்சிருந்த மாத்து பெல்ட்டப் போட்டு ஓட்டிக்கிட்டு வந்துட்டார். கிழிஞ்சத இந்தக் கவுண்டர் மேல தூக்கிப் போட்டார், சனிக்கிழமை, கடை நெறைய ஆளுங்க. ஏய் யால்மாரி, வாரண்டியில புதுசு வாங்கிக் குடு, ஒரு தடவையாவது வேலை செய்யி, உன் கையில கிரீஸ் பட்டு நான் பாத்ததே இல்ல, மைதான் பட்டிருக்குன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

நல்ல மனுசன்தான். வாய்தான் கொஞ்சம்.

வாரண்டி பாரத்த நான்தான் நிரப்புனேன். வேற யாரு நிரப்புவா? அதுல ஒரு கேள்வி, பெல்ட் மூடிக்குள்ள அந்நியப் பொருள் எதுவும் இருந்துச்சான்னு. இருந்துச்சு. பனிமான் முடி, ஒரு கைப்பிடி. நூத்தம்பது மான் மேய்க்கிறவர் வண்டியில வேற என்ன இருக்கும்? எழுதினேன். எழுதாம விட்டிருக்கலாமா? விட்டிருக்கலாம். மத்தவங்க வண்டிக்கு விட்டிருக்கேனா? அதுவும் உண்டு. ஆனா கேள்வி கேட்டிருந்துச்சு, பதில் எழுதினேன். மான் முடின்னா தொழிலுக்கு ஓட்டுற வண்டி, தொழில் வண்டிக்குப் பெல்ட் வாரண்டி கெடையாது. ஏழு வாரம் இழுத்தடிச்சு, இல்லன்னுட்டான்.

நடுவுல உங்க வீட்டுக்காரர் கம்பெனியோட ஹெல்சிங்கி ஆபீசுக்கு ஒரு லெட்டர் போட்டார், தெரியுமா? உங்ககிட்ட சொல்லலியா? என் பேரு போட்டு எழுதியிருந்தார். கவுண்டர்ல நிக்கிற ஆளுக்குப் பெல்ட்டுக்கும் இடுப்பு வாருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு. அது சுத்திச் சுத்தி மொதலாளிகிட்ட வந்துச்சு. மொதலாளி என்னையே அத சத்தமாப் படிக்கச் சொன்னார், மெக்கானிக் பசங்க முன்னாடி. ரெண்டு தடவை. மொத தடவை சரியாக் கேக்கலியாம்.

குடிங்க, ஆறிப்போவுது.

இல்ல இல்ல, அதுக்காக நான் ஒண்ணும் பண்ணல. விதிமுறை என்னன்னா, கம்பெனி வேணாம்னு தள்ளுன பொருள் வாடிக்கையாளரோட சொத்து. அவர்கிட்டயே திருப்பித் தரணும். ஜனவரியில வந்துச்சு அந்தப் பெல்ட், கிழிஞ்சது கிழிஞ்சபடியே, புது அட்டை உறைக்குள்ள, ஓரத்துல டேப் ஒட்டி. அவங்ககிட்ட இருக்கறது ஒரே மாதிரி உறைதான், புதுசுக்கும் அதுதான், தள்ளுனதுக்கும் அதுதான். சிவப்பு முத்திரை உள்பக்கம் குத்தியிருப்பான். வெளிய பாத்தா கண்டுபிடிக்க முடியாது.

கேளுங்க, நீங்க என்ன கேக்கணும்னு யோசிக்கிறீங்களோ அதக் கேளுங்க. அவசரமில்ல.

ம். இப்பத்தான் சரியான கேள்வி. அந்தக் கடைசி சனிக்கிழமை அவர் கெளம்புறப்ப பானெட்டுக்குள்ள இருந்த மாத்து பெல்ட் புதுசா பழசான்னு கேக்கறீங்க. போலீஸ்காரன் கேக்கல, கம்பெனிக்காரன் கேக்கல, பாதிரியார் கேக்கல. மூணு வாரம் ஆவுது, நீங்கதான் மொதல்ல.

பழசு.

ஆமா, அதே கிழிஞ்சதுதான். வெள்ளிக்கிழமை ஆயில் மாத்த வண்டிய விட்டிருந்தார்ல? அன்னிக்குத்தான் நான் பானெட்டத் தெறந்து, மாத்து பெல்ட் மாட்டுற எடத்துல உறையோட சொருகினேன். அவரோட சொத்து, அவரோட வண்டி. நம்மூர்ல எவன் உறையப் பிரிச்சுப் பாக்குறான்? பிரிச்சா ஈரம் ஏறும்னு, தேவைப்படற வரைக்கும் டேப்பக்கூடத் தொட மாட்டான்.

லெட்டரா? தள்ளிட்டாங்கன்னு வந்த லெட்டர் பில்லு கட்டுல இருந்துச்சு. அவர் கேக்கல, நான் எடுத்துக் குடுக்கல.

மூணு மணிக்கு வந்தார். பானெட்டத் தூக்கினார், அட்டை உறை கண்ணுல பட்டுச்சு. மொகம் அப்படியே மலர்ந்துபோச்சு. பெல்ட்டு இருக்கான்னு கேட்டார். இருக்குன்னேன். நல்லாப் பாருங்க, புதுசு இருக்கான்னு கேக்கல. பெல்ட்டு இருக்கான்னு. இருந்துச்சு. உறையத் தட்டிக்குடுத்தார். அப்புறம், அத ஏன் சொல்லணும், எனக்குக் கை குடுத்தார். யால்மாரி, உன்னப் பத்தித் தப்பா எழுதிட்டேன்டா, மனசுல வெச்சுக்காதன்னார்.

அப்ப சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுதான். ஆனா நான் என்ன நெனச்சேன்னா, ராத்திரி வீட்டுல ஆசையாப் பிரிச்சுப் பாப்பார், மூஞ்சி எப்படிப் போகும்னு. திங்கக்கிழமை கத்திக்கிட்டு வருவார், கடை நெறைய ஆள் இருக்கறப்ப நான் விதிமுறைய எடுத்துப் படிச்சுக் காட்டுவேன், ரெண்டு தடவை. காபிகூடப் போட்டு வெச்சிருந்தேன் அவருக்கு. சத்தியமா.

அவர் ஏரிக்கு அக்கரையில இருக்கற குடிசையில திங்கள் வரைக்கும் இருப்பார்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தீங்க? அதான் யாரும் தேடல. குத்திக் காட்டல, நடந்தத சொல்றேன்.

தேடப் போனதுல நானும் இருந்தேன். என்னோட வண்டிதான் மொதல்ல போய்ச் சேந்துச்சு. ஏரி நட்டநடுவுல பெல்ட் போயிருக்கு, மைனஸ் முப்பத்தி நாலு. கையுறைய ரெண்டையும் கழட்டி வண்டியோட முன்கண்ணாடி மேல ஒழுங்கா அடுக்கி வெச்சிருந்தார், பெல்ட் மாத்தணும்னா வெறுங்கைதானே. அந்தக் கிழிஞ்சதையே மாட்டியிருக்கார் மனுசன். வேற என்ன செய்வார்? எரநூறு அடிக்குத் தடம் இருந்துச்சு. அதுக்கப்புறம் தடம் இல்ல. அந்துபோன பெல்ட்டு ரெண்டு, கம்பெனிக்காரன் எண்ணினது சரிதான்.

மெதுவா. அழுவுறதுன்னா அழுங்க, நான் பாக்கல.

எழுதித் தர்றதுக்கென்ன, நீங்க இந்தப் பேப்பரக் கிழிச்சுட்டு, மாத்து பெல்ட் ஏற்கெனவே அந்துபோனதா, அத யாரு வெச்சதுன்னு நேரா கேள்வியா எழுதிக் கொண்டாங்க. கேள்வி இருந்தா பதில் எழுதுவேன். என் வேலை போகும். போகட்டும். ஆனா நான் பொய் சொன்னேன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது.

உறையா? ஆமா, அது அங்க கெடைக்கல, போலீஸ்காரன் எழுதினதுலயும் இருக்காது. மத்த ரெண்டு பேரும் வந்து சேர்றதுக்குள்ள அவர் மடியில இருந்து நான்தான் எடுத்தேன், கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டேன். தூக்கிப் போடல. தூக்கிப் போட்டா அது திருட்டுத்தனம்ல?

இருக்கு ரைலி, இருக்கு. கப்பத் தூக்கிப் பாருங்க.