எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடித்த நாள். கோர்ட்டு பூட்டியிருக்கும், நீதிபதி தேவாலயத்தில் இருப்பார், தடையுத்தரவு வாங்க யாராலும் முடியாது. வம்புள்ள இடங்களில் ரயில் கம்பெனிகள் ஞாயிறு பார்த்துத் தண்டவாளம் போடுவது அதனால்தான். உங்களுக்குத் தெரியாததா, ஷெரீஃப்?

நான் பக்கத்து மாநிலமான அயோவாவின் ரயில் கம்பெனிக்கு வக்கீல். எங்கள் பாதையை எல்லை தாண்டி மிசூரிக்குள் கொண்டுவர அனுமதி வாங்கியவன் நான்தான். மிசூரிச் சட்டப்படி வெளிமாநிலக் கம்பெனி வயல்களை விலை கொடுத்து எடுக்கலாம்; ஆள் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் சம்மதமில்லாமல் தொடக்கூடாது. திங்கட்கிழமைக்குள் எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் எஞ்சினாவது ஓடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி போச்சு. நியாயமான சட்டம். நான் குறை சொல்ல மாட்டேன்.

குன்றுகளுக்கு நடுவே இருந்த ஒரே இடைவெளியில் எஃப்ரேம் ஸ்டோல்ட்ஸின் வீடு நின்றது. நான் போகும்போதெல்லாம் அவர் மனைவி லிடியா சோள ரொட்டி வைப்பாள்.

"ரொட்டிய எவ்வளவு வேணா தின்னுங்க வக்கீலய்யா, சம்மதம் மட்டும் கேக்காதீங்க," என்பார் எஃப்ரேம். "எங்க ரெண்டு பிள்ளைங்களும் இந்த வாசல்லதான் பொதஞ்சு கெடக்கு. அதுங்க மேல உங்க ரயிலு ஓடணுமாக்கும்?"

"குன்றச் சுத்திப் போனா உங்க மொதலாளிக்குக் காலா தேஞ்சிடும்?" என்பாள் லிடியா.

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அருமையான மனிதர்கள்.

அந்த ஞாயிறு காலையில் அவர்கள் வீட்டு வேலிவரை தண்டவாளம் போட்டுவிட்டோம். லிடியா தேவாலயம் போயிருந்தாள். கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று மேஸ்திரி கல்லனையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனேன். எஃப்ரேம் துப்பாக்கியோடு வாசலில் நின்றார். எங்கள் ஆள் ஒருவனின் முழங்காலைச் சுட்டார். மற்றவர்கள் ஆணி அடிக்கும் சம்மட்டிகளோடு அவர்மேல் பாய்ந்தார்கள். கோபம் வரத்தானே செய்யும்.

"ஐயா, மூச்சு இருக்கு," என்றான் கல்லன். "டாக்டரக் கூட்டியாரட்டுமா? பொழச்சுக்குவாருய்யா!"

அதுதான் சிக்கல். அவர் பிழைத்தால் அது ஆள் குடியிருக்கும் வீடு. நான் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டினேன். சம்மட்டி நான் நினைத்ததைவிடக் கனம். முதல் அடி தோளில் விழுந்தது. அதற்கு வருந்துகிறேன், எனக்குப் பழக்கமில்லை. இரண்டாவது அடி தலையில் சரியாக விழுந்தது.

கைகழுவும்போதுதான் உறைத்தது. லிடியாவும் அங்கேதான் குடியிருந்தாள்.

அவள் வண்டி பாதையில் வந்துகொண்டிருந்தது. நானே வேலிக்கதவைத் திறந்துவிட்டேன். "என்ன வக்கீலய்யா, ஓய்வுநாள்லயுமா உயிர எடுக்க வந்துட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். என் சட்டையை அப்போதுதான் பார்த்தாள். அவளுக்கு ஒரே அடி போதுமானதாக இருந்தது. கல்லன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், இளகிய மனசு.

பொழுது சாய்வதற்குள் வீட்டைப் பிரித்துப் பாதை போட்டோம். எஞ்சின் ஓடியது.

ஆமாம், இருவரையும் கொன்றது நான்தான். கல்லனை விட்டுவிடுங்கள். ஆனால் கம்பெனி சட்டத்தை மீறியதாக மட்டும் எழுதிவிடாதீர்கள், ஷெரீஃப். நாங்கள் தொட்டபோது அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை.